நர்சரியில் தளதள... மாடியில் சருகு: வாங்கி வந்த நாற்று ஏன் பிழைப்பதில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. சாலையோர நர்சரியில் தக்காளி நாற்று நான்கு, கத்தரி இரண்டு, மிளகாய் இரண்டு. கிளம்பும்போது கண்ணில் பட்ட, மொட்டு விட்ட ரோஜா ஒன்று. எல்லாவற்றையும் ஸ்கூட்டரின் முன்பக்கம் காலுக்கிடையில் வைத்து, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மொட்டை மாடியில் நட்டு முடித்து, ஒரு வாளி தண்ணீரும் ஊற்றி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாச்சு.

செவ்வாய்க்கிழமை தக்காளி தலை தொங்குகிறது. புதன்கிழமை இன்னும் இரண்டு மக் தண்ணீர். வெள்ளிக்கிழமை அடியிலை மஞ்சள். அடுத்த ஞாயிறு வரும்போது பையில் நிற்பது வெறும் குச்சி. "நமக்கெல்லாம் கை ராசி இல்லப்பா" என்று சொல்லி, காலிப் பையை மாடி மூலையில் கவிழ்த்து வைப்பதோடு பல வீடுகளில் தோட்டக் கனவு முடிந்துவிடுகிறது.

ஆனால், இதற்கும் கை ராசிக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாற்று சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு முடிவுதான்: வாங்கிய அதே நாளில், உச்சி வெயிலில் நட்டது. மற்ற தவறுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நர்சரியில் அது எப்படி வாழ்ந்தது?

வீட்டில் நாற்றுக்கு என்ன ஆனது என்று புரிய வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

காய்கறி நாற்றுகள் இப்போது பெரும்பாலும் குழித்தட்டுகளில்தான் வளர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்குவது 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடிகூட இல்லாத அளவு மக்கிய தென்னை நார்க்கழிவு, அதில் ஒரு விதை. மேலே நிழல்வலை. வெயிலில் ஏறக்குறைய பாதியை அந்த வலை தடுத்துவிடும். பூவாளியிலோ தெளிப்பானிலோ நேரம் தவறாமல் தண்ணீர் வரும். பக்கத்தில் நூற்றுக்கணக்கான செடிகள் நெருக்கமாக நிற்பதால் காற்றிலும் ஈரம் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், ஏ.சி. அறையில் வளர்ந்த குழந்தை மாதிரி.

பூச்செடிகளும் பழக்கன்றுகளும் இன்னும் தூரத்திலிருந்து வருகின்றன. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியம், இந்தியாவின் பெரிய நர்சரி வட்டாரங்களில் ஒன்று. அங்கிருந்து பல மாநிலங்களுக்கும் செடிகள் லாரியில் போகின்றன. ரோஜா என்றால் ஓசூர், பெங்களூரு பக்கம். அந்த ஊர்களின் குளிர்ச்சிக்குப் பழகிய செடி, லாரியில் குலுங்கி வந்து, சாலையோரக் கடையில் சில நாள் நின்று, பிறகு உங்கள் மாடிக்கு ஏறுகிறது.

மாடியோ வேறு உலகம். மேலே நேர் வெயில், கீழே சூடேறிய கான்கிரீட் தளம், பக்கத்தில் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும் சுவர், மறைப்பில்லாத காற்று. நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த இலை மென்மையாக, மெல்லிய மேல்தோலோடு இருக்கும். இந்த வெயிலைத் தாங்க அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது?

செடி தண்ணீர் குடிப்பது தடித்த வேர் வழியாக அல்ல. வேர் நுனிக்குச் சற்று மேலே, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு மெல்லிய வேர்த்தூவிகள் இருக்கின்றன. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். நாற்றைத் தட்டிலிருந்து பிடுங்கும்போதும், பையைக் கிழிக்கும்போதும், வேரை விரலால் உதறும்போதும் முதலில் அறுபடுவது இந்தத் தூவிகள்தான்.

இலைக்கு அது தெரியாது. வெயில் ஏற ஏற, இலைத்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதாவது செலவு அப்படியே இருக்கிறது, வரவு மட்டும் பாதியாகிவிட்டது. சம்பளம் குறைந்த மாதத்தில் இ.எம்.ஐ. மட்டும் மாறாமல் பிடிக்கப்படுவது போல. இந்த வரவு செலவு இடைவெளிதான் வாட்டம். தோட்டக்கலைப் புத்தகங்கள் இதை நடவு அதிர்ச்சி என்கின்றன.

புதிய வேர்த்தூவிகள் வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். நம் ஊர் நெல் விவசாயிகளிடம் இதற்கு அழகான சொற்கள் இருக்கின்றன. நட்ட பயிர் ஒரு சில நாள் வெளுத்துச் சோர்ந்து நின்று, பிறகு நிமிர்வதைப் 'பச்சை பிடிச்சிருச்சு' என்பார்கள். நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சும் நீருக்குப் பெயர் 'உயிர்த் தண்ணீர்'. அந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே நடவின் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நட்டவுடன் செடி வளராது, முதலில் உயிர் பிடிக்கும். அதுவரை நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: செலவைக் குறைத்து, வரவைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது.

வாங்கும்போதே பாதி வேலை முடியும்

நர்சரியில் நம் கை முதலில் போவது உயரமான, பூ விட்ட, பிஞ்சு பிடித்த நாற்றுக்குத்தான். "இதுல காயே வந்திருச்சு, எடுத்துட்டுப் போனா போதும்" என்று தோன்றும். உண்மையில் அது வயதான நாற்று. சின்னக் குழியில் அதிக நாள் அடைபட்டு, இனி இடமில்லை என்ற நெருக்கடியில் பூத்திருக்கிறது. நட்ட பிறகு வேர் விடவேண்டிய நேரத்தில் அதன் சக்தி பூவுக்கும் பிஞ்சுக்கும் போய்விடும்.

விதைத்த நாளிலிருந்து கணக்கிட்டால், தக்காளி நாற்று சுமார் 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடுவதற்குத் தயாராக இருக்கும். கடைக்காரரிடம் "எத்தனை நாள் நாற்றுண்ணே?" என்று கேட்பதில் தப்பில்லை. நல்ல நர்சரிக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இவைதான்:

• உயரத்தைவிடத் தண்டின் தடிமன் முக்கியம். குட்டையாக, நிமிர்ந்து, நான்கிலிருந்து ஆறு இலைகளோடு இருப்பது போதும். ஒல்லியாக நீண்டு சாய்ந்து நிற்பது வெளிச்சம் போதாமல் வளர்ந்தது.

• இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் லேசாகத் தட்டினால் பறக்கும் வெள்ளை ஈ, பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப் பூச்சி, கூட்டமாக அசுவினி இருந்தால் அந்தத் தட்டையே விட்டுவிடுங்கள்.

• தக்காளி, மிளகாயில் நுனியிலை சுருண்டு, குறுகி, மஞ்சள் ஓடியிருந்தால் கண்டிப்பாக வேண்டாம். அது வைரஸாக இருக்கலாம். இலைச்சுருட்டை வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. வெள்ளை ஈ மூலம் மற்ற செடிக்கும் பரவும்.

• பையின் அடித்துளை வழியாக வேர் கொத்தாக வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால், உள்ளே இடமில்லாமல் வேர் சுற்றிச் சுருண்டிருக்கிறது என்று பொருள்.

• முடிந்தால் ஒரு நாற்றைக் குழியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக, நார்க்கழிவைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். பழுப்பாகி வழவழத்தால் அழுகல் ஆரம்பம்.

இன்னொரு விஷயம். எல்லாக் காய்கறிக்கும் நாற்று வாங்க வேண்டியதில்லை. வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், புடலை, பீர்க்கை எல்லாம் வேர் தொந்தரவை விரும்பாதவை. விதையை நேரடியாகப் பையில் ஊன்றினாலே சில நாளில் முளைத்துவிடும். முள்ளங்கி, கேரட்டை இடம் மாற்றி நட்டால் கிழங்கு இரண்டாகப் பிளந்து கோணலாக வரும். கீரையும் நேரடியாகத் தூவ வேண்டியதுதான். நாற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியது முக்கியமாகத் தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய், முட்டைகோஸ், காலிஃபிளவர் போன்றவற்றுக்குத்தான்.

இந்த ஞாயிறு வாங்கு, அடுத்த ஞாயிறு நடு

வார நாளில் நேரமில்லாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான விதி கிடையாது. வாங்கிய நாளுக்கும் நடும் நாளுக்கும் இடையே ஒரு வாரம் விடுங்கள். செடியை வெயிலுக்குப் பழக்கும் இந்த வேலைக்குக் கடினப்படுத்துதல் என்று பெயர். நர்சரிகளும் விற்பனைக்கு முன் தண்ணீரைக் குறைத்து, நிழலை விலக்கி இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் பரிந்துரை. உங்கள் நர்சரி செய்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் வீட்டில் ஒருமுறை செய்துவிடுவது பாதுகாப்பு.

ஞாயிறு, திங்கள்: பால்கனியிலோ படிக்கட்டு ஓரத்திலோ வெளிச்சமான நிழல். நேர் வெயில் கூடாது. தட்டிலோ பையிலோ இருக்கும் மண் காயாமல் மட்டும் தண்ணீர்.

செவ்வாய், புதன்: காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம். ஆபீஸ் கிளம்பும் முன் நிழலுக்கு இழுத்துவிட வேண்டும். அதற்கும் நேரமில்லை என்றால், காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் போதும்.

வியாழன், வெள்ளி: மூன்று, நான்கு மணி நேர வெயில். மாடிக் காற்றும் கொஞ்சம் படட்டும்.

சனி: நடப்போகும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். இலை வெளுக்காமல், கருகாமல் நின்றால் செடி தயார்.

இந்த வாரத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடையில் கண்ணில் படாத பூச்சி முட்டைகள் பொரிந்தால், ஏற்கெனவே இருக்கும் செடிகளுக்குப் பரவும் முன் தெரிந்துவிடும். அதனால் புதிய நாற்றைப் பழைய செடிகளிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

ஆன்லைனில் ஆர்டர் செய்து கூரியரில் வந்த நாற்று என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. அது இரண்டு மூன்று நாள் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும், முதலில் தண்ணீர் காட்டி இரண்டு நாள் முழு நிழலில் வைத்துவிட்டுத்தான் மேலே சொன்ன கணக்கைத் தொடங்க வேண்டும்.

மண் கலவைக்கும் அதே ஒரு வாரம்

செடி பழகும் அதே வாரத்தில் பையும் தயாராகிவிடும். பலரும் பயன்படுத்தும் எளிய கலவை இது: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கூடவே ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. லேசாக ஈரப்படுத்தி ஒரு வாரம் நிழலில் வைத்தால், புண்ணாக்கு மக்கும்போது வரும் சூடு அடங்கிவிடும். நேற்றுக் கலந்து இன்று நட்டால் அந்தச் சூடு இளவேரைச் சுட்டுவிடும். மக்காத பச்சைச் சாணத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, ஒன்றிரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். அதிலுள்ள உப்பு வெளியேறும். பைக்கு அடியில் துளை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வாங்கி வந்த பையில் துளை போடாமலேயே மண் நிரப்பி, செடியை மூழ்கடிப்பவர்கள் நிறையப் பேர்.

நடும் மாலை: படிப்படியாக

நேரம் மாலை 4.30 மணிக்கு மேல். மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். மாலையில் நட்டால், மறுநாள் வெயில் ஏறும் முன் செடிக்கு முழு இரவு ஓய்வு கிடைக்கும்.

1. நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நாற்றுக்கும் பைக்கும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஈரமான வேர் உருண்டை உடையாமல் வரும்.

2. தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. குழித்தட்டு என்றால் அடியிலிருந்து விரலால் அழுத்தி மேலே தள்ளுங்கள். பாலித்தீன் பை என்றால் கத்தரிக்கோலால் பக்கவாட்டில் வெட்டிப் பிரியுங்கள். பிடிக்க வேண்டும் என்றால் இலையையோ வேர் உருண்டையையோ பிடிக்கலாம். இலை போனால் இன்னொன்று வரும். தண்டு நசுங்கினால் செடியே போய்விடும்.

3. சூடோமோனாஸ் கிடைத்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கலந்து வேரைக் கொஞ்ச நேரம் நனைத்து எடுக்கலாம். நாற்றழுகல், வேரழுகல் நோய்களுக்கு எதிராக இது வேலை செய்யும் நன்மை தரும் பாக்டீரியா. உரக்கடைகளில் பொடியாகக் கிடைக்கும்.

4. வேர் உருண்டை கொள்ளும் அளவு குழி தோண்டி, வைத்து, சுற்றிலும் மண்ணை லேசாக அணைத்து விடுங்கள். காற்று இடைவெளி இருக்கக் கூடாது. அதற்காகக் கட்டைவிரலால் குத்தி இறுக்கவும் கூடாது.

5. பூவாளியில் மெதுவாக, பையின் அடித்துளையில் தண்ணீர் கசியும் வரை ஊற்றுங்கள். மக்கில் வேகமாகக் கொட்டினால் மண் அரித்து வேர் வெளியே தெரியும்.

ஆழத்தில்தான் செடிக்குச் செடி வித்தியாசம் இருக்கிறது. தக்காளித் தண்டில் மண் படும் இடத்தில் எல்லாம் புதிய வேர் விடும். அதனால் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம். ஒல்லியாக நீண்டுபோன தக்காளி நாற்றையும் இப்படிக் காப்பாற்றிவிடலாம். ஆனால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளி மாதிரி செய்யாதீர்கள். தட்டில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ, பையிலும் அதே மட்டம் போதும். ஒரு பைக்கு ஒரு செடிதான். "சின்னதாத்தானே இருக்கு" என்று மூன்று செடி வைத்தால் மூன்றும் இளைத்துப்போகும்.

ரோஜா ஏன் கடையில் மட்டும் பூக்கிறது?

இது பல வருடக் கேள்வி. கடையில் ஐந்து பூவோடு நின்ற ரோஜா, வீட்டில் ஒரு மாதத்தில் கறுத்த குச்சியாகிவிடும்.

காரணம் அந்தக் கறுப்புப் பைக்குள் இருக்கிறது. தூர ஊர்ப் பயணத்தில் வேர் உருண்டை உடையாமல் இருக்க, களிப்பு அதிகமான மண்ணை இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பார்கள். காய்ந்தால் அது செங்கல். அதை அப்படியே நம் பொலபொல கலவைக்கு நடுவில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் எளிய வழியாகச் சுற்றியுள்ள கலவை வழியே இறங்கி ஓடிவிடும். வெளியே பார்த்தால் பை முழுக்க ஈரம், நடுவில் வேர் மட்டும் காய்ந்து கிடக்கும். சில சமயம் நேர் எதிராகவும் நடக்கும். அதிகம் தண்ணீர் குடித்த களிமண் உருண்டை நாள்கணக்கில் காயாமல் வேரை அழுக வைக்கும்.

என்ன செய்யலாம்? பையை வெட்டிய பிறகு அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் 10, 15 நிமிடம் ஊற விடுங்கள். வெளிப்பக்க மண் தானாக இளகும். அதை மட்டும் விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு, உள்பக்கம் வேரைக் கவ்வியிருக்கும் மண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். வேரை முழுக்கக் கழுவி நிர்வாணமாக நட்டால் நம் வெயிலில் பிழைப்பது கஷ்டம். வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரை மட்டும் விரலால் பிரித்துவிடலாம்.

அடுத்தது மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. எல்லாப் பூவையும் மொட்டையும் கத்தரித்துவிட வேண்டும். எந்தப் பூவுக்காக வாங்கினோமோ அதையே வெட்டுவதா என்று இருக்கும். ஆனால் வேர் இல்லாத செடிக்குப் பூ என்பது ஆடம்பரச் செலவு.

ரோஜா, மா, கொய்யா, சப்போட்டா போன்றவற்றில் ஒட்டுக் கட்டிய கன்று வாங்கினால், ஒட்டு இருக்கும் முண்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தால், ஒட்டு நன்றாகக் கூடிய பிறகு அதை அவிழ்த்துவிடுங்கள். தண்டு பருக்கும்போது நாடா இறுக்கிவிடும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைப் பார்த்தவுடன் கிள்ளிவிட வேண்டும். "நல்லா வேகமா வளருதே" என்று விட்டால், வளர்வது நாம் காசு கொடுத்த ரகம் அல்ல, அடியில் இருக்கும் வேர்ச்செடி.

முதல் 10 நாள்: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

நட்ட பிறகு செடி சாகும் வழிகளில் முக்கியமானது அன்புத் தொல்லை. வாடினால் தண்ணீர், வெளுத்தால் உரம், நின்றால் இடமாற்றம்.

முதல் மூன்று நான்கு நாள் உச்சி வெயிலை மட்டும் தடுத்தால் போதும். ஊரில் நாற்றுக்குத் தென்னங்கீற்றைச் சாய்த்து வைப்பார்கள். மாடியில் பழைய பருத்தித் துணியோ அட்டைப் பெட்டியோ அந்த வேலையைச் செய்யும். காலை 11 முதல் மாலை 4 வரை நிழல், மற்ற நேரம் திறந்த வெளி. பையைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடிச்சூடு குறையும், தண்ணீர் தேங்காது, வீட்டு ஓனரிடம் தளம் பற்றிய பேச்சும் வராது.

தண்ணீர் ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். நார்க்கழிவு கலந்த மண்ணில் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். மேலே பார்த்து ஏமாந்து தினமும் இரண்டு வேளை ஊற்றுவதுதான் வேரழுகலுக்கு அழைப்பு. விரலில் ஈர மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

உரம்? நட்ட 10, 15 நாள் வரை எதுவுமே வேண்டாம். கலவையில் ஏற்கெனவே உரம் இருக்கிறது. உறிஞ்ச வேரே இல்லாத நேரத்தில் உரம் போட்டால், உப்புச் செறிவு கூடி, இருக்கும் வேரும் கருகும். புது இலை வந்த பிறகு, லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் பஞ்சகவ்யம் தெளிக்கலாம். பூச்சிக்கு வேப்ப எண்ணெய் தெளிப்பதும் செடி நிமிர்ந்த பிறகுதான், அதுவும் மாலையில்தான்.

வாடியிருக்கிறதா? எந்த நேரத்தில் என்று பாருங்கள்

வாட்டம் எல்லாமே ஆபத்து இல்லை.

மதியம் தொங்குது, மாலையில் நிமிருது: இயல்பானது. செடி செலவைக் குறைக்க இலையை மடக்கிக்கொள்கிறது. தண்ணீர் தேவையில்லை, நிழல் போதும்.

காலை 7 மணிக்கே தொங்குது, மண் காய்ந்திருக்கு: தண்ணீர் பற்றாக்குறை. மெதுவாக, அடிவரை நனையும்படி ஊற்றுங்கள்.

காலையிலேயே தொங்குது, ஆனால் மண் ஈரமாக இருக்கு: இதுதான் கவனிக்க வேண்டியது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கியிருக்கலாம். தண்ணீரை நிறுத்தி, வடிதுளையைச் சரிபார்த்து, நிழலில் வையுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் இன்னொரு மக் ஊற்றி முடித்து வைக்கிறார்கள்.

இலையில் வெள்ளைத் திட்டு, ஓரம் கருகல்: வெயில் காயம். அந்த இலை தேறாது. நுனியில் வரும் புது இலை நன்றாக இருந்தால் கவலை வேண்டாம்.

தண்டு மண்மட்டத்தில் கறுத்து, மெலிந்து, சாய்ந்துவிட்டது: நாற்றழுகல். காப்பாற்ற முடியாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அந்தப் பையை நன்றாகக் காயவிடுங்கள்.

எப்போது வாங்கலாம்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மாடிக்கும் பொருந்தும். கோடையின் உக்கிரம் குறைந்து, ஜூலை பாதியில் தொடங்கும் ஆடி மாதம், நாற்று நடத் தோதான காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் அக்டோபர் கடைசி, நவம்பரில் இளநாற்று நட்டால் அடைமழையில் அழுகும் வாய்ப்பு அதிகம். மழை ஓய்ந்து குளிர்ச்சி இருக்கும் மார்கழிக் கடைசி, தை மாதம் இன்னொரு நல்ல வாய்ப்பு. முட்டைகோஸ், காலிஃபிளவருக்கும் குளிர்ச்சியான மாதங்கள்தான் சரி. அக்னி நட்சத்திரத்தில் கடையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்பு வழங்கிவருகிறது. செடி வளர்ப்புப் பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் போன்றவை அதில் இருக்கும். இருப்பையும் அப்போதைய விலையையும் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று போனால் தோல்வியா?

கடைசியாக, வயலில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கம். நட்ட ஒரு வாரம், பத்து நாளில் விவசாயிகள் வயலைச் சுற்றி வந்து, எங்கெல்லாம் நாற்று பிழைக்கவில்லையோ அங்கெல்லாம் புது நாற்று வைப்பார்கள். அதற்குப் 'பாடு நிரப்புதல்' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக இதையே செய்பவர்களும், சில நாற்று போகும் என்று கணக்கு வைத்துத்தான் கூடுதலாக விடுகிறார்கள். யாரும் அதைக் கை ராசி என்று சொல்வதில்லை.

அதனால் நான்கு தக்காளி வேண்டும் என்றால் ஆறு நாற்று வாங்குங்கள். இரண்டைத் தட்டிலேயே நிழலில் வைத்திருங்கள். பத்தாம் நாள் பாடு நிரப்பிக்கொள்ளலாம். எல்லாமே பிழைத்துவிட்டால், மீதி இரண்டும் பக்கத்து வீட்டுக்கு.

நட்ட செடி பிழைத்ததா என்று அறிய மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. நுனியில், பழைய இலைகளைவிட வெளிறிய பச்சையில், நகம் அளவு ஒரு புது இலை வரும். நர்சரியில் வந்த இலை அல்ல அது. உங்கள் மாடி வெயிலில், உங்கள் மண்ணில், முதன்முதலாக வந்தது. அதைப் பார்த்துவிட்டால் ஸ்டேட்டஸ் வைக்கலாம்.